ஒரே சுவரில் இரண்டு கறுப்பு

உங்கள் பயிற்சி அறையில் என் சுவரோவிய வேலைகளின் புகைப்படங்களை மாட்டி வைத்திருக்கிறீர்கள். சுத்தம் செய்வதற்கு முன், சுத்தம் செய்த பின் என்று ஜோடி ஜோடியாக. பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் பேச அழைத்தபோதே, அந்த வரிசையில் இல்லாத ஒரு சுவரைப் பற்றித்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சுவருக்கு 'முன்' படம் மட்டும்தான் உண்டு.

பஞ்சை எப்படிச் சுற்றுவது, எந்தக் கரைசலை எங்கே தொடுவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் தவறியது அதில் இல்லை. சுவரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

நான் காஞ்சிபுரத்துக்காரி. அப்பா பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிறவர். எந்தச் சிவப்பு வெயிலில் நிற்கும், எந்தச் சிவப்பு இரண்டு தண்ணீரில் ஓடிவிடும் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள். அதனால் நிறம் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரை முதலில் அடக்கியவர் என் மேலதிகாரி. பெயர் சொல்லப் போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் முதல் வாரம் ஓவியத்தைக் காட்டவே மாட்டார். ஓவியத்தின் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் பிரதியைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்.

"கலரைப் பாத்தா மயங்கிடுவோம்மா. முதல்ல கோட்டைப் பாரு. இந்தக் கையை அவன் எத்தனை மூச்சுல போட்டிருக்கான், சொல்லு."

ஒரு வாரம் பார்த்தால் புரிய ஆரம்பிக்கும். கூட்டத்தில் நிற்கிற ஆட்களை ஓவியன் சின்னச் சின்னக் கோடுகளால் இழுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவான். ஒரே மாதிரி மூக்கு, ஒரே மாதிரி முழங்கை. தெய்வத்துக்கும் பெரிய மனிதர்களுக்கும் வரும்போது தூரிகை நின்று மூச்சு வாங்கும். தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே இழுப்பு. நடுவில் தடித்து, முடிவில் மயிரிழையாக மெலியும். அந்தக் கோட்டைப் போடுகிறவன் யாரை மதிக்கிறான் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இன்றுவரை அந்த நன்றி எனக்கு உண்டு.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்பது வருடங்கள் இருந்தபோது அந்தக் கோவிலுக்குப் போனேன். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் பிரிந்து, பாலாற்றுப் பக்கம் உள்ளே போக வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். சின்ன அம்மன் கோவில். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்து, திருப்பணி நடந்துகொண்டிருந்தது. முன்மண்டபத்துச் சுவரில் பழைய ஓவியம் இருக்கிறது என்று யாரோ எழுதிப் போட, அரசுத் துறையிலிருந்து என்னை அனுப்பினார்கள். சுவரைப் பார்த்து, சுத்தம் செய்ய முடியுமா என்று சோதித்து, அறிக்கை கொடுக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது இரண்டு வாரம்.

ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முந்தைய கை. ஊர்வலக் காட்சி. நடுவில் அம்மன் எழுந்தருளி வருகிறாள். வலது பக்கம் குதிரைமேல் பாளையக்காரர் போல ஒருவர். பின்னால் மேளம், கொம்பு, ஜனக்கூட்டம். இடது கீழ் மூலையில் ஒருவன். முகமும் உடம்பும் கன்னங்கரேல் என்று இருந்தான். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. அவனைச் சுற்றி நான்கு பேர் நீளமான கழிகளை ஓங்கிப் பிடித்திருந்தார்கள்.

ஊரில் அதற்கு ஒரு கதை இருந்தது. அம்மன் நகையைத் திருடியவன் அவன். பிடித்து, முகத்தில் கரி பூசி, கழியால் அடிக்கிறார்கள். அடி மண்டையில் விழாமல் கையால் மறைத்துக்கொள்கிறான். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. முதல் நாள் என் குறிப்பேட்டில் நானே என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்: 'திருடனைத் தண்டிக்கும் காட்சி.' அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. வேண்டுமானால் பார்க்கலாம்.

அம்மனும் கறுப்பாகத்தான் இருந்தாள். அதற்கு ஊர் வைத்திருந்த விளக்கம், அவள் காளியின் அம்சம் என்பது.

எனக்குச் சாரம் கட்ட வந்தவர் ஏழுமலை. ஐம்பது வயதிருக்கும். அந்த ஊர்க் காலனியிலிருந்து வந்தவர். கையில் கயிறு இருந்தால் பேசவே மாட்டார், அவ்வளவு கவனம். நான் ஏறுகிற பலகையில் முதலில் தான் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னை ஏற விடுவார். ஆனால் இடது மூலைக்குச் சாரத்தை நகர்த்தும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்தார். மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க ஏழுமலை."

"அந்த மூலைல இருக்கறவன, தொடைக்கும்போது கொஞ்சம் அழுத்தித் தொடைச்சீங்கன்னா போயிடும் இல்ல? பழைய செவுருதானே. போயிடுச்சுன்னா யாரு கேக்கப் போறாங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுவரில் இருக்கிறதை அழிக்க நமக்கு உரிமை இல்லை, நல்லதோ கெட்டதோ வரைந்தவன் வரைந்ததுதான் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவன் எங்க வம்சமாம் மேடம். திருவிழா மொத நாளு ஊரு ஆளுங்க வந்து அவன் மேல சாணி அடிப்பாங்க. மறுநாளு எங்க வூட்டு ஆளுங்க போயி கழுவணும். அந்த ஒரு நாளு, அதுவும் கழுவறதுக்கு மட்டும்தான் உள்ள வுடுவாங்க. எங்கப்பா கழுவியிருக்காரு. சின்ன வயசுல நானும் கழுவியிருக்கேன். இப்போ சாணி அடிக்கறதில்ல. பேரு மட்டும் நிக்குது. எம் பொண்ணு நல்ல மார்க்கு எடுத்துக்கினு வந்தா, 'கரிமூஞ்சி வூட்டுப் பொண்ணு பாஸாயிடுச்சுடா'ன்றானுங்க."

மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

மறுநாள் பழைய மின்கம்பி வேலையை அகற்றினோம். எந்தக் காலத்திலோ திரை கட்ட அடித்திருந்த பழைய மரப்பட்டியின்மேலேயே, கரண்ட் கொடுத்தபோது கம்பி ஓட்டியிருந்தார்கள். அந்தப் பட்டி கறுப்பு மனிதனின் தோளுக்குக் குறுக்கே போயிற்று. ஏழுமலை ஆணியை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, சுவர் பெயராமல் பட்டியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், இங்க வாங்க."

பட்டி இருந்த இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, தோள் சிவப்பாக இருந்தது. ஓரங்களில் கறுத்து, நடுவில் செக்கச்செவேல் என்று. பழுத்த மிளகாயை உடைத்து வைத்ததுபோல.

நிறங்களைப் பற்றி எனக்கிருந்த திமிரெல்லாம் அந்த இரண்டு விரல் அகலத்தில் போய்விட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஈயச் செந்தூரம் வெளிச்சத்திலும் ஈரத்திலும் நாளாக நாளாகக் கறுத்துவிடும். காவிக்கல் சிவப்பு அப்படி மாறாது. குதிரைமேல் இருந்தவருக்கு ஓவியன் காவிக்கல் போட்டிருந்தான். அவர் சிவப்பாகவே நின்றார். கூட்டத்துக்கு மஞ்சளும் பச்சையும். செந்தூரத்தை இரண்டே இரண்டு பேருக்குத்தான் எடுத்து வைத்திருந்தான். ஒன்று அம்மன்; அவள் கறுப்பு பெயர்ந்த ஓரங்களை லென்ஸில் பார்த்தபோது அடியில் அதே செந்தூரம். இன்னொன்று இவன்.

அந்தச் சுவரிலேயே பளிச்சென்று எரிந்திருக்க வேண்டிய இரண்டு உடம்புகள் அவை. இரண்டும் ஒரே மாதிரி கறுத்துப் போயின. அவள் கறுத்ததால் காளி என்றார்கள். இவன் கறுத்ததால் திருடன் என்றார்கள்.

டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தேன். அப்படி அடித்தால், நிறம் போன இடத்திலும் தூரிகை அழுத்திய தடம் மெல்ல எழும்பும். நான்கு கழிகளுக்கும் மேலே அரைவட்டமாகத் தடம் இருந்தது. அவை குடைகள். துணியின் வெள்ளை உதிர்ந்து காம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. தூக்கிய கைகளுக்கு நடுவே, தலைக்கு மேல், உருண்டையாக இன்னொரு தடம். அதற்கு மேலே இலைகள் போலச் சிறு வளைவுகள். கரகம். அவன் தலையை மறைக்கவில்லை, கரகத்தைப் பிடித்திருந்தான்.

பழக்கப்படி இந்தச் சுவருக்கும் எடுத்து வைத்திருந்த ஜெராக்ஸ் பிரதியில் அவன் கையையும் அம்மன் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மூச்சில் இழுத்த கோடு. தோளிலிருந்து விரல்வரை தூரிகை எங்கும் நிற்கவில்லை. அடிபடுகிற திருடனுக்கு எந்த ஓவியனும் அப்படி ஒரு கோட்டைச் செலவழிக்க மாட்டான்.

குடையின் வெள்ளையும் கரகத்தின் மஞ்சளும் ஏன் போயின என்பதும் அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவை தண்ணீருக்குத் தாங்காத நிறங்கள். வருடா வருடம் சாணியைக் கழுவியதில் போயிருக்கின்றன. அவனைத் திருடன் இல்லை என்று காட்டக்கூடியதையெல்லாம் ஏழுமலையின் அப்பாவும் தாத்தாவும் தங்கள் கையாலேயே தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். இதை மட்டும் நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

மற்றதைச் சொன்னேன். அங்கேயே, சாரத்தின் மேலேயே.

"ஏழுமலை, இவன் திருடன் இல்ல."

"இன்னா மேடம்?"

"இது கரி இல்ல. செவப்புதான் கறுத்துப் போயிருக்கு. அம்மனுக்குப் போட்ட அதே செவப்பு. கழி இல்ல அது, குடை. இவன் கரகம் எடுத்துக்கிட்டு வரான். இவனுக்குக் குடை பிடிச்சிக்கிட்டு வராங்க."

பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். டார்ச்சை வாங்கி, நான் காட்டிய மாதிரி தானே பக்கவாட்டில் அடித்துப் பார்த்தார். கட்டைவிரலை அந்தச் சிவப்புக்குக் கிட்டே கொண்டுபோய், தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"நிஜமாவா மேடம்? எனக்கோசரம் சொல்லலியே?"

"நிஜம்."

அதன் பிறகு அன்று அவரால் வேலை செய்ய முடியவில்லை. கோவில் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை காலனியிலிருந்து பதினைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் தலைக்குக் குளித்து, நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். ஏழுமலையின் மகள் செல்வியும் வந்திருந்தாள்; அப்போது நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். யாரும் சத்தம் போடவில்லை. வரிசையாக வந்து அந்த இரண்டு விரல் சிவப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள் மட்டும் கற்பூரம் ஏற்றலாமா என்று கேட்டாள். சுவருக்கு ஆகாது என்றேன். சரிம்மா என்று கற்பூரத்தை முந்தானையிலேயே திரும்ப முடிந்துகொண்டாள். உரிமையோடு அவர்கள் அந்த மண்டபத்தில் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மத்தியானம் திருப்பணிக் குழுத் தலைவர் வந்தார். ஓய்வு பெற்ற மனிதர், மரியாதையான பேச்சு. எனக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

"மேடம், நீங்க படிச்சவங்க. உங்க வேலைல நான் தலையிடல. ஆனா ஊர்ல இன்னா பேசிக்கினு இருக்காங்க தெரியுமா? இந்த வருஷம் கரகம் நாங்கதான் எடுப்போம்னு அவங்க கேப்பாங்களாம். சாமி காரியம் நல்லபடியா நடக்கணும். ஒரு செவுத்துப் படத்தால ஊரு ரெண்டாவக் கூடாது."

"நான் கண்டதைத்தான் சொன்னேன் சார்."

"கண்டத எல்லாம் எழுதணும்னு இருக்குதா மேடம்?"

அன்று சாயங்காலம் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோட்டைப் பற்றிச் சொன்னபோது, "ஒரே மூச்சா? நல்லாப் பாத்தியா?" என்று சந்தோஷப்பட்டார்.

"அறிக்கைல என்ன எழுதப் போற?" என்றார்.

"இப்போ சொன்னதைத்தான் சார்."

"எழுதாத. இது ஜாதி விஷயமா ஆச்சுன்னா நாளைக்கே கதவைச் சாத்திடுவாங்க. உள்ளயே விட மாட்டாங்க. சுவரு போச்சுன்னா உன் அறிக்கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? முதல்ல சுவரைக் காப்பாத்து. கும்பாபிஷேகம் முடியட்டும். ஒரு வருஷம் கழிச்சு கட்டுரையா எழுது, நானே கூட இருக்கேன். இப்போதைக்கு, நிறமாற்றம் காணப்படுதுன்னு ஒரு வரி போதும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். இந்த மாதிரிச் சண்டைகளில் சுவர்கள் காணாமல் போனதை அவர் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் எனக்கு வசதியாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும்போது ஜாக்கிரதையாக இருங்கள். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

ஒரு வரி எழுதினேன். 'கீழ் இடது மூலையில் உள்ள மனித உருவத்தில் நிறமாற்றம் காணப்படுகிறது.'

கிளம்புகிற அன்று, கோவிலில் வைத்துக்கொள்ள ஓவியத்தின் படம் வேண்டும் என்று தலைவர் கேட்டார். முழுச் சுவரின் பெரிய பிரதி ஒன்றைக் கொடுத்தேன். மரப்பட்டியை எடுப்பதற்கு முன் எடுத்த படம். அதில் எல்லாம் தெளிவாக இருந்தது: கறுப்பு உடம்பு, தலைக்கு மேல் கைகள், நான்கு கழி.

தோளிலிருந்து கடுகு முனை அளவு வண்ணத் துணுக்கை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். நுண்ணோக்கியில் வைத்தபோது மேலே மெல்லிய கறுப்புத் தோல், அடியில் செந்தூரம் என்று அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. இனி யாரும் மறுக்க முடியாது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஐந்தாம் நாள் ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. "வாங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மண்டபத் தரையில் சுண்ணாம்புக் காரை குவியலாகக் கிடந்தது. சுவரை உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். மூலையை மட்டும் கொத்தியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அம்மன், குதிரைக்காரர், மேளம், ஜனம், எதுவும் மிச்சமில்லை. சிமெண்ட் பூசி, ஈரம் காய மின்விசிறி வைத்திருந்தார்கள்.

"பழசு அசிங்கமா இருக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க மேடம். அதையே அழகா, புதுசா எழுதிடுவோம்" என்றார் தலைவர். ஏழுமலையின் ஆட்கள் வந்து பார்த்ததால் இடித்தார்களா, எப்படியும் இடிக்கத்தான் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவேளை கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன், அல்லது ஒரேயடியாக உடைந்திருப்பேன்.

குவியலில் ஒரு மணி நேரம் தேடினேன். நிறம் இருந்த துண்டுகள் கையில் எடுத்ததும் மாவாக உதிர்ந்தன. ஏழுமலை வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு முன்பே புதுப் படம் தயாராகிவிட்டது. வெளியூர் ஓவியர் ஒருவர் வந்து எனாமலில் எழுதிக் கொடுத்தார். அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். கையில் கொடுத்த படத்தைப் பார்த்து எழுதினார். அந்தப் படம் நான் கொடுத்தது. அம்மன் இப்போது கருநீலக் காளி. மூலையில் அவன், பளபளக்கிற கறுப்பில். கழிகளுக்கு முனையில் பூண் போட்டு, அடிக்கிறவர்களுக்கு மீசை வைத்து, அவன் நெற்றியில் ஒரு துளி ரத்தமும் சேர்த்திருந்தார். கீழே மஞ்சளில் கொட்டை எழுத்து: 'அம்மன் நகையைத் திருடியவன் பெற்ற தண்டனை'. அதற்கும் கீழே உபயதாரர் பெயர்.

பழைய சுவரில் அது ஊர் வாய்க்கதையாக மட்டும் இருந்தது. இப்போது எழுத்தாகவே நின்றது.

நான்கைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏழுமலை காஞ்சிபுரம் செவிலிமேட்டில் என் வீட்டைத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து பாலித்தீன் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தகவல் உரிமைச் சட்டத்தில் செல்வி மனுப் போட்டு என் அறிக்கையின் நகலை வாங்கியிருந்தாள்.

"இது நீங்க எழுதினதா மேடம்?"

"ஆமா."

"முழுக்கவும் படிச்சுப் பாத்துட்டா பொண்ணு. நம்ம ஆளப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருக்குதுன்னா." விரலை வைத்துக் காட்டினார். "நெறமாற்றம்னு போட்டிருக்குது. அதுக்கு இன்னா மேடம் அர்த்தம்? கருப்பு செவப்பாச்சா, செவப்பு கருப்பாச்சா?"

"செவப்புதான் கறுப்பாச்சு ஏழுமலை. உங்களுக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரியும். இதுல எழுதலியே."

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

"செவுரு போச்சு. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க. அன்னைக்கு மேல நின்னுக்கினு சொன்னீங்களே, அத ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும். புதுப் படத்துல அந்த எழுத்தையாவது அழிக்கச் சொல்லி மனு குடுக்கலாம்னு பொண்ணு சொல்லுது."

"நான் வேலைல இருக்கேன். மேல கேக்காம எழுதிக் கொடுக்க முடியாது. கேட்டுட்டுச் சொல்றேன்."

"சரி மேடம்" என்றார். கோபமே இல்லை. காகிதத்தை மடித்துப் பழையபடி கவருக்குள் வைத்தார். வைத்த விதம், மறுபடி என்னிடம் வரப்போவதில்லை என்று எனக்குச் சொல்லிவிட்டது.

கேட்டேன். சுவரே இல்லாதபோது இனி எதற்கு என்றார் மேலதிகாரி. அவர் குரலும் தளர்ந்திருந்தது. பிறகு அவர் ஓய்வு பெற்றார். வேலைமேல் வேலை வந்தது. நீங்கள் மாட்டி வைத்திருக்கும் படங்களில் பாதி அதற்குப் பிந்தையவை. நல்ல வேலைகள்தான். ஒவ்வொரு அறிக்கையிலும் தேவைக்கு மேல் எழுதினேன். நீளமாக எழுதுகிறவள் என்று பெயர்கூட வாங்கினேன். அந்த ஒரு வரியின் பக்கத்தில் மட்டும் எதையும் எழுதவில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரம் உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம். சிவப்பு எங்கே இருந்தது, கோடு எப்படி ஓடியது, குடையின் தடம், கரகத்தின் தடம், துணுக்கின் நுண்ணோக்கிப் படம், கடைசியில் என் முழுப் பெயரும் கையெழுத்தும். எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன்.

ஏழுமலை இரண்டு வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். கட்டட வேலையில் இருந்தபோது நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில். செல்விதான் கதவைத் திறந்தாள். வெள்ளைச் சீருடையில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உட்காருங்க மேடம் என்று நாற்காலி போட்டாள்.

நான் காகிதங்களைக் கொடுத்தேன். நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தாள். நுண்ணோக்கிப் படத்தில் கொஞ்ச நேரம் கண் நின்றது.

"இதெல்லாம் அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும்."

தலையை ஆட்டினாள். காகிதங்களை ஒழுங்காகச் சேர்த்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, என்னிடமே நீட்டினாள்.

"இது எங்களுக்கு வேணாம் மேடம். எங்களுக்குத் தெரியும். எங்கப்பா பாத்தாரு, நான் பாத்தேன். தெரியாதவங்க அங்கதான் இருக்காங்க. திருவிழா அன்னைக்கு அந்தப் படத்துகிட்ட நின்னு, எல்லாரும் கேக்கறாப்புல நீங்க படிச்சுக் காட்டுங்க."

பிறகு கைப்பையை மாட்டிக்கொண்டாள். "டூட்டிக்கு டைம் ஆயிடுச்சு. வரட்டுமா?" என்றாள். சாலை முனைவரை இருவரும் ஒன்றாக நடந்தோம். அவளுக்கு வாலாஜாபாத் பக்கம் பஸ், எனக்கு எதிர்ப்பக்கம். அவள் பஸ் முதலில் வந்தது.

அதற்குப் பிறகு அந்த ஊரில் மூன்று திருவிழா முடிந்துவிட்டது. என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம்கூட இல்லை. மூன்று தடவையும் காகிதங்களைப் பையில் எடுத்து வைத்தேன். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போனேன்.

அந்த நான்கு பக்கத்தில் இருப்பதை உங்களுக்கு இன்று சொல்லிவிட்டேன். அங்கே இன்னும் படிக்கவில்லை.